டேரனுக்கு ஒரு சதுரம்

வாரத்துக்குப் பதினான்கரை மணி நேரம். டெல்மா ப்ரூக்ஸ் பேசுவதைக் கேட்பதற்காக ஏழு துறைகள் சேர்ந்து ஒதுக்கியிருந்த நேரம் அது. எதிர்வீட்டு நோரீனுக்கு அரை நிமிடம்கூட ஒதுக்கப்படவில்லை.

இருவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு சிமெண்ட் நடைபாதையும் ஒரு துணிக்கொடியும்தான். பர்னி ஊர்த் துறைமுகத்திலிருந்து வரும் காற்று இரண்டு கதவுகளையும் ஒரே மாதிரிதான் அடித்தது. வாடகையும் ஒன்றுதான். ஆனால் டெல்மாவின் கதவை மனிதர்களும் தட்டினார்கள். இந்தக் குடியிருப்புக்கு வந்த முதல் வாரத்திலேயே நோரீன் அதைக் கவனித்துவிட்டாள். வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கவனிப்பதை இன்னும் நிறுத்த முடியவில்லை.

வருகிறவர்கள் எல்லோரும் கைகோர்ப்பு என்ற நிறுவனத்தின் ஆட்கள். ஊரில் தனித்தனியாகக் கிடந்த சமூகப் பணி அலுவலகங்களையெல்லாம் ஒன்றாக்கி, மூடிப்போன ஒரு மெத்தைக் கடையில் அதை வைத்திருந்தார்கள். ஒன்றான பிறகு யார் எந்தத் துறை என்ற குழப்பம் வரக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு பணிக்களத்துக்கும் ஒரு நிறத்தில் கழுத்துப்பட்டை கொடுத்தார்கள். மருத்துவமனைக்கு நீலம், வீட்டுவசதிக்குப் பச்சை, முதியோருக்கு ஊதா, மனநலத்துக்கு ஆரஞ்சு. சிறையில் இருப்பவர்களின் குடும்பத்துக்குச் சாம்பல், சூதாட்டத்துக்குச் சிவப்பு. வேண்டாத சாமான்களை வீடு நிறையக் குவித்து வைப்பவர்களுக்குப் பழுப்பு.

டெல்மாவிடம் ஏழு நிறமும் இருந்தன. இடுப்பெலும்பு உடைந்தபோது நீலம் வந்தது. குளியலறைச் சுவரில் பூஞ்சை படர்ந்தபோது பச்சை. படகுத்துறையில் காரணமில்லாத பயத்தில் மூச்சுத் திணறி உட்கார்ந்தபோது ஆரஞ்சு. மகன் ரஸ்ஸல் கார் திருடி உள்ளே போனபோது சாம்பல். வீட்டில் தேநீர்க் கெண்டிகள் கட்டில்வரை வந்துவிட்டபோது பழுப்பு. எந்தத் துன்பமும் டெல்மாவிடம் வெறுங்கையோடு வந்ததில்லை.

தான் பொறாமைக்காரி இல்லை என்றுதான் நோரீன் அதுவரை நினைத்திருந்தாள். பேரங்காடியில் இருபத்தாறு வருடம் பன்றி இறைச்சியை மெலிதாகச் சீவிக் கொடுத்தவள் அவள். எதிரே நின்றவர்களின் மோதிரத்தையும் காரையும் பேரப்பிள்ளைகளையும் பார்த்து வயிறு எரிந்ததில்லை. எரிந்தது இங்கே வந்த பிறகுதான். ஊதாப் பட்டைக்காரி டெல்மாவின் வாசலில் நின்று, "இந்த வாரம் எப்படிப் போச்சு டெல்மா?" என்று கேட்டாள். அதுகூடப் பரவாயில்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்து நின்றாள்.

நோரீனுக்கு அவர்களுடைய முகம் தெரியாது. இரண்டு கண்ணிலும் புரை. நடைபாதைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் பனிக்குள் நிற்பவர்களாகத்தான் தெரிவார்கள். நிறம் மட்டும் தெரியும். ஜன்னலுக்குப் பின்னால் நின்று, இன்று பச்சை நாற்பது நிமிடம் இருந்தது, சிவப்பு சிரித்துக்கொண்டே வெளியே வந்தது என்று மனதுக்குள் வைத்துக்கொள்வாள்.

புரை அறுவைக்காகப் பதினாறு மாதம் காத்திருந்த பிறகு மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது.

"இருபத்திமூணாம் தேதி, புதன்கிழமை. காலைல ஏழு மணிக்கு வந்துடுங்க," என்றாள் அங்கிருந்த பெண். "முடிஞ்சதும் உங்களைக் கூட்டிட்டுப் போக ஒருத்தர் வரணும். அன்னிக்கு ராத்திரி உங்க கூடவே இருக்கணும். டாக்ஸியில தனியா அனுப்ப மாட்டோம்."

"ஆள் இல்லன்னா?"

"ஆபரேஷன் இல்ல. உங்க பேரு வரிசையில கடைசிக்குப் போயிடும்."

"கடைசின்னா எவ்வளவு நாள்?"

"இப்போதைக்கு ரெண்டு வருஷம் ஆகுது. உங்க சமூகப் பணியாளரைக் கேளுங்களேன்."

"எனக்கு அப்படி யாரும் இல்ல."

"பர்னியிலயா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

இரண்டு வருடத்தில் இந்தப் பனி முழுச் சுவராகிவிடும் என்று கண் மருத்துவர் சொல்லியிருந்தார். இப்போதே அடுப்பின் எண்களை விரலால் தடவித்தான் வைக்கிறாள். நோரீன் அன்று மாலை பெருமையை ஓரமாக வைத்துவிட்டு நடைபாதையைக் கடந்தாள்.

டெல்மா சிப்பிக் குழம்பு அடைத்துச் சுட்ட ஸ்காலப் பை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். குழம்பு மோவாய்வரை வழிந்திருந்தது.

"வாடி, உக்காரு. பச்சை இப்பத்தான் எழுந்து போனா. நாற்காலி இன்னும் சூடா இருக்கும்."

நோரீன் வேறு நாற்காலியில் உட்கார்ந்தாள். அதில் மூன்று கெண்டிகள் இருந்தன. மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அந்தப் புதன்கிழமை ஒரே ஒரு நாளைக்கு உன் ஆள்ல ஒருத்தரைக் குடு டெல்மா."

"எந்த நிறம் வேணும்?" என்றாள் டெல்மா. முகத்தில் இருந்த பெருமிதத்தைப் பார்க்க நோரீனுக்குக் கண் தேவைப்படவில்லை. குரலே போதுமாக இருந்தது.

டெல்மா உடனே ஊதாவைக் கூப்பிட்டாள். ஊதா நிறைய நேரம் பேசியது. டெல்மா "ம்" போட்டுவிட்டு வைத்தாள்.

"முடியாதாம். என் வாசப்படிக்கு உள்ள நடக்கறதுதான் அவ களமாம். நடைபாதைய தாண்டினா வேற களமாம். காப்பீடு செல்லாதாம்."

"பத்தடி தூரம்தானே."

"அதைத்தான் நானும் சொன்னேன். தூரத்தைப் பாக்க ஆரம்பிச்சா தொழில் என்னாகறதுன்னு கேக்கறா." டெல்மா விரலை நக்கினாள். "உனக்குன்னு ஒருத்தரை வாங்கிக்கோ. ஆனா சும்மா போனா தர மாட்டாங்க. கையோ காலோ ஏதாவது உடைச்சுக்கோ. இல்லன்னா குடி. இப்படி நல்லவளா ஒக்காந்திருந்தா உன்னைத் தேடி யாருடி வருவா?"

வியாழக்கிழமை இருவரும் கைகோர்ப்புக்கு ஒன்றாகவே போனார்கள். டெல்மாவுக்குச் சாம்பலோடு அன்று நேரம் குறித்திருந்தது. மெத்தைக் கடையின் பழைய பலகை சுவரில் அப்படியே இருந்தது. நிம்மதியாகத் தூங்குங்கள் என்று எழுதியிருந்த அதன் கீழேதான் எல்லா மேஜைகளும் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. நடுவில் சுவர் இல்லை. சுவர் இருந்தால் நம்பிக்கை வராது என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது.

புதியவர்களைச் சேர்ப்பவள் காஸி என்ற இளம்பெண். எந்தக் களமும் இல்லாதவள் என்பதால் அவளுக்கு வெள்ளைப் பட்டை. முதலில் கரடிக்குட்டி போன்ற வாம்பட் விலங்கின் படம் போட்ட ஒரு கட்டு அட்டைகளை மேஜையில் பரப்பினாள்.

"ஒவ்வொண்ணுலயும் ஒரு வாம்பட் இருக்கு நோரீன். இன்னிக்கு நீங்க எந்த வாம்பட்டா உணர்றீங்களோ அதை எடுங்க."

நோரீனுக்குப் பழுப்பாக ஏதோ தெரிந்தது. கைக்கு வந்ததை எடுத்தாள்.

"இதை எடுத்தீங்க பாருங்க. ரொம்ப முக்கியம்," என்றாள் காஸி மெதுவாக.

"அது என்ன பண்ணுதுன்னு எனக்குத் தெரியல கண்ணு."

"ஆமா," என்று தலையசைத்து எழுதிக்கொண்டாள் காஸி. "தெரியலங்கறதும் ஒரு உணர்வுதான்."

பிறகு ஒவ்வொரு களமாகப் பார்த்தார்கள். வாடகை பாக்கி உண்டா என்றால் இல்லை. சூதாட்ட இயந்திரத்தில் ஒரே ஒரு முறை காசு போட்டு, நாற்பது டாலர் விழுந்து, அதோடு நிறுத்திவிட்டாள்.

"ஜெயிச்சீங்களா," என்று காஸி வருத்தத்தோடு கேட்டாள். "ஜெயிச்சவங்களுக்கு எங்ககிட்ட எதுவும் இல்ல."

முதியோர் களத்துக்குத் தானாக உடுத்திக்கொள்ள முடியாதவராக இருக்க வேண்டும். நோரீன் சட்டைக் காலருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தாள். காஸி அந்தக் காலரைப் பார்த்தாள். ஊதா போயிற்று.

"துக்கம் ஏதாவது?"

"என் வீட்டுக்காரர் லெஸ். ஆறு வருஷம் ஆச்சு."

"பதிமூணு மாசத்துக்குள்ள இருக்கணும்."

"அவரு அப்பவே செத்துட்டாரு."

"புரியுது. அதுல உங்க தப்பு எதுவும் இல்ல."

"சரி, மருத்துவமனை இருக்கே," என்றாள் நோரீன். "நான் மருத்துவமனைக்குத்தானே போறேன்."

"நிச்சயமா. நீங்க அங்க சேர்ந்ததும் நீலம் உங்களைப் பாத்துக்கும்."

"சேக்கறதுக்கே ஆள் வேணும்ங்கறாங்க."

"அந்த மாதிரி பிரச்சினைக்குத்தான் நீலம் இருக்கு."

"அப்ப அனுப்புங்க."

"சேர்ந்தப்புறம்," என்றாள் காஸி.

பக்கத்து மேஜையிலிருந்து டெல்மா குரல் கொடுத்தாள். "அட, நானே போய் உக்காந்துக்கறேன் அவகூட. ராத்திரி நான் தூங்கறதேயில்ல."

காஸி நாற்காலியைத் திருப்பிக்கொண்டு டெல்மாவைக் கனிவாகப் பார்த்தாள்.

"நல்ல மனசு டெல்மா. ஆனா நீங்க உதவி வாங்கறவங்க. வாங்கறவங்க குடுக்கக் கூடாது. அப்புறம் உங்களுக்கு எதுக்கு உதவின்னு மேலிடத்துல கேப்பாங்க."

டெல்மா வாயை மூடிக்கொண்டாள். பதினான்கரை மணி நேரம் சின்ன விஷயமில்லை.

கடைசியாகக் காஸி ஒரு பெரிய தாளை விரித்தாள். கைகோர்ப்பில் எந்த வேலையும் இந்தத் தாள் இல்லாமல் தொடங்காது. பெண் என்றால் வட்டம், ஆண் என்றால் சதுரம். நெருங்கிய உறவுக்குத் தடித்த கோடு, விட்டுப்போன உறவுக்குப் புள்ளிக் கோடு. இறந்தவர் என்றால் மேலே ஒரு பெருக்கல் குறி. தாளின் நடுவில் நோரீன் ஒரு வட்டமாக வந்தாள். அருகில் லெஸ் ஒரு சதுரமாக வந்து பெருக்கல் குறியும் வாங்கிக்கொண்டார். மீதித் தாள் வெள்ளையாகக் கிடந்தது. பக்கத்து மேஜையில் டெல்மாவின் தாளில் இடமே இல்லை. சாம்பல் பட்டைக்காரர் ஓரத்தில் இன்னொரு தாளை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குன்னு யாரு இருக்காங்க நோரீன்?"

"அவளுக்கு யாரும் இல்ல, பாவம்," என்றாள் டெல்மா அங்கிருந்தே. இளகிய குரலில்தான் சொன்னாள். அதனால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்கியது. "ஒரு நாய்கூட இல்ல. எனக்காவது பையன் இருக்கான். ஜெயில்ல இருந்தா என்ன, பையன் பையன்தானே."

கடையே திரும்பிப் பார்த்தது.

"எனக்கும் ஒரு பையன் இருக்கான்," என்றாள் நோரீன். "டேரன்."

காஸியின் பேனா தாளுக்கு மேல் நின்றது. "வயசு?"

"நாப்பத்தொண்ணு. மார்ச் ஒம்பது."

"என்ன வேலை?"

இதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "சுரங்கம். மேற்க. ரெண்டு வாரம் அங்க, ஒரு வாரம் இங்க."

"நீ சொல்லவே இல்லியே," என்றாள் டெல்மா.

"நீ கேக்கல."

"உங்களுக்கும் அவருக்கும் எப்படி?" என்றாள் காஸி.

"சண்டையே போட்டதில்ல."

காஸி ஒரு சதுரம் போட்டாள். அதிலிருந்து நோரீனின் வட்டத்துக்கு ஒரு தடித்த கோடு இழுத்தாள். இழுத்துவிட்டு இன்னொரு முறை அதன் மேலேயே இழுத்தாள். பிறகு எழுந்துபோய் மற்றவர்களை அழைத்து வந்தாள். பச்சையும் ஆரஞ்சும் சிவப்பும் வந்து தாளைச் சுற்றி நின்றார்கள். பழுப்பு மூக்கை உறிஞ்சியது.

"இதுக்குப் பேரு இயல்பான துணை," என்றாள் காஸி. "நாங்கல்லாம் சம்பளத்துக்கு வர்றவங்க. இவரு பாசத்துக்கு வர்றவரு. உங்ககிட்ட இவ்வளவு பெரிய வளம் இருக்கு நோரீன், அதை வெச்சுக்கிட்டு எங்ககிட்ட வந்திருக்கீங்க. உங்களுக்கு எங்ககிட்ட எதுவுமே கிடையாது. வாழ்த்துகள்."

எல்லோரும் கைதட்டினார்கள். டெல்மா மட்டும் தட்டவில்லை. ஊன்றி நடக்கும் நடைச்சட்டத்தை இரு கையாலும் பிடித்திருந்தாள். நோரீன் அதைப் பார்க்கவில்லை, ஆனால் அந்தத் திசையிலிருந்து சத்தம் வராதது அவளுக்குக் கேட்டது. ஒரு வருடத்துக்கு மேலாக ஏங்கியிருந்தது கிடைத்த மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை அந்தச் சுகம் இருந்தது. அடுப்பைத் தடவிப் பற்றவைக்கும்போதுதான் புதன்கிழமைக்கு ஆள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

அடுத்த வாரம் நோரீனின் கதவு தட்டப்பட்டது.

கதவுக்கு வெளியே மஞ்சளாக ஒன்று தெரிந்தது. மஞ்சள் டெல்மாவிடம்கூட இல்லாத நிறம். எதிர் ஜன்னலில் திரை விலகியிருக்கும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால் கதவை அகலமாகத் திறந்து கொஞ்ச நேரம் வாசலிலேயே நிற்க வைத்தாள்.

"நான் லாக்லன்," என்றது மஞ்சள். "டேரன் இருக்காரா?"

"டேரனா?"

"நான் அவரோட ஆள். பராமரிக்கறவங்களைப் பராமரிக்கறதுதான் எங்க களம். உங்களைக் கவனிச்சுக் கவனிச்சு அவரு களைச்சுப் போயிடக் கூடாது இல்லியா?"

நோரீன் தேநீர் போட்டாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. லாக்லன் டேரனுக்காக ஒரு கம்பளித் தொப்பியும் ஒரு கோப்பையும் முதுகு பிடித்துவிடும் நிலையத்துக்கு ஒரு சீட்டும் கொண்டு வந்திருந்தான். மேஜையில் வரிசையாக வைத்தான்.

"அவரு நல்லாத் தூங்கறாரா?"

"தூங்குவான்," என்றாள் நோரீன். "நல்லாத் தூங்குவான்."

"அம்மாவை விட்டுட்டு இருக்கமேன்னு வருத்தப்படுவாரா?"

நோரீன் யோசித்தாள். லாக்லன் காத்திருந்தான். ஊதா டெல்மாவுக்காகக் காத்திருந்ததைப் போலவே தலையைச் சாய்த்துக் காத்திருந்தான். இத்தனை வருடத்தில் டேரனைப் பற்றி நோரீனிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. அவள் பேச ஆரம்பித்தாள். முடி நிறைய இருக்கும், கறுப்பு முடி என்றாள். விரல் நீளம், லெஸ்ஸின் விரல் என்றாள். லாக்லன் எழுதிக்கொண்டே இருந்தான். ஐம்பது நிமிடம் ஆனது தெரியவில்லை.

அவன் எழுந்தபோது கேட்டாள். "அந்தப் புதன்கிழமை நீ வந்து என்னைக் கூட்டிட்டு வர முடியுமா கண்ணு?"

லாக்லன் உண்மையிலேயே அதிர்ந்து போனான்.

"நான் வந்துட்டா டேரன் என்ன நினைப்பாரு? அவரோட இடத்தை நாங்க பிடுங்கின மாதிரி ஆயிடும். அவரை நம்புங்க நோரீன். அம்மா நம்பறதுதான் ஒரு பராமரிப்பாளருக்குக் கிடைக்கற பெரிய ஓய்வு."

அவன் போன பிறகு நோரீன் அந்தக் கோப்பையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். நல்ல கோப்பை. கனமாக இருந்தது. அது தனக்கு இல்லை என்பது நெஞ்சில் எங்கேயோ சுருக்கென்று குத்தியது. பெற்ற பிள்ளையைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். திட்டி ஒன்றும் ஆகவில்லை.

டேரனுக்கு ஆட்கள் பெருகினார்கள். தொலைவில் வேலை செய்யும் ஆண்களின் மனநலத்துக்கு என்று வெளிர்நீலம் வந்தது. மனைவி இல்லாத நாற்பது வயதுக்காரர்களின் தனிமைக்கு வெண்கலம் வந்தது. டேரன் எந்தக் கூட்டத்துக்கும் வராததைப் பார்த்து, உதவி கேட்கத் தயங்கும் ஆண்களுக்கான களத்திலிருந்து ரோஜா நிறத்தில் ஒருவர் வந்தார். வாரத்துக்கு ஆறு மணி நேரம் டேரனுக்கு ஒதுக்கப்பட்டது. அவன் இல்லாத நேரத்தில் அவன் அம்மாவிடம் அவனைப் பற்றிப் பேசுவது அவனோடு செய்யும் வேலையின் பகுதிதான் என்று அவர்களுடைய கூட்டத்தில் முடிவாயிற்று. நோரீனிடம் யாரும் நோரீனைப் பற்றிக் கேட்கவில்லை. அது அவர்களில் யாருடைய களமும் இல்லை.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பாள். அதற்குள் யாராவது வந்து டேரனின் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார்கள். அவள் கெட்டிலை வைத்துவிடுவாள்.

மருத்துவமனையிலிருந்து மறுபடி தொலைபேசி வந்தது. "உங்க மகன் கூட்டிட்டுப் போறாருன்னு கைகோர்ப்புல சொன்னாங்க," என்றாள் அந்தப் பெண். "பதிஞ்சுக்கிட்டோம். அன்னிக்கு அவரு வரலன்னா திருப்பி அனுப்பிடுவோம். ஆனா அவரைப் பத்தி நல்லாச் சொன்னாங்க, அவருக்கு ஏதோ பரிசாமே?"

பரிசு உண்மைதான். வருடத்தின் சிறந்த இயல்பான துணை. இருபத்தொன்றாம் தேதி, திங்கட்கிழமை, புல்வெளிப் பந்து மன்றத்தின் கூடத்தில் விழா. போகாமல் இருந்துவிடலாம் என்று நோரீன் நினைத்தாள். லாக்லன் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். பரிசு வாங்குபவரின் தாயை அழைத்து வருவது அவனுடைய களத்துக்குள் வந்தது.

டெல்மாவும் வந்திருந்தாள். தட்டு நிறைய சாஸேஜ் ரோல்களோடு நோரீனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்த ஒரு மாதமாக அவள் சரியாகப் பேசவில்லை.

"நாலு பேராமே உன் பையனுக்கு."

"ஆமா."

"அதுல ஒண்ணு வெண்கலமாமே."

"ஆமா."

"வெண்கலம்னு ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாது," என்றாள் டெல்மா.

இயக்குநர் ஃபெலிசிட்டி ட்ரெம்லெட் மேடை ஏறினார். எல்லா நிறங்களையும் பின்னிய பட்டை ஒன்று அவர் கழுத்தில் தொங்கியது. வழக்கப்படி இந்த மண்ணின் பூர்வகுடி மக்களுக்கு வணக்கம் சொன்னார். பிறகு அமைச்சரகத்துக்கு, அதைவிட நீளமாக.

"ஒரு காலத்துல நாங்க மக்களைப் பாக்கப் போயே பாதி நாளைச் செலவு பண்ணினோம்," என்றார். "இன்னிக்கு எங்க நேரத்துல பெரும்பகுதி நாங்க ஒருத்தரை ஒருத்தர் பாக்கறதுல போகுது. அதனாலதான் எங்களுக்குள்ள இவ்வளவு ஒத்துமை."

கைதட்டல்.

"டேரனை எங்கள்ல யாரும் பாத்ததில்ல. அதுதான் அவரோட பெருமை. நாலு பணியாளர்கள் அவருக்காக உழைக்கறாங்க. அவரு இதுவரைக்கும் ஒரு குறை சொன்னதில்ல, ஒரு மனு போட்டதில்ல, எந்தச் செலவும் கேட்டதில்ல. எங்ககிட்ட வர்ற ஒவ்வொருத்தரும் டேரன் மாதிரி இருந்துட்டா இந்த நிறுவனம் எவ்வளவு சிறப்பா நடக்கும்னு நான் ராத்திரியெல்லாம் யோசிச்சிருக்கேன்."

பின்வரிசையில் யாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"அதனால வர்ற மாசத்திலிருந்து டேரன் முறை நடைமுறைக்கு வருது. யாரு வீட்டுக்குப் பக்கத்துல ஒரு இயல்பான துணை இருக்கோ, அவங்களுக்குச் சம்பள ஆள் தேவையில்ல. முதல்ல டெல்மா. டெல்மா, உங்க எதிர்வீட்டுலயே டேரன் இருக்காரு. உங்களோட பதினாலரை மணி நேரத்தையும் வெள்ளிக்கிழமையோட அவர்கிட்ட ஒப்படைக்கறோம். கொஞ்சம் எழுந்து நில்லுங்க டெல்மா. உங்க சுதந்திரத்தை எல்லாரும் பாக்கட்டும்."

டெல்மா எழுந்திருக்கவில்லை. அவள் தட்டு மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. ஒரு ரோல் உருண்டு நோரீனின் காலடியில் விழுந்தது.

ஜன்னலுக்குப் பின்னால் நின்று இதைத்தான் நோரீன் வேண்டியிருந்தாள். பச்சை போக வேண்டும், ஊதா போக வேண்டும், அந்தக் கதவும் என் கதவைப் போல ஆக வேண்டும் என்று. கேட்டது அப்படியே நடந்துவிட்டது. சந்தோஷம் வருகிறதா என்று பார்த்தாள். கொஞ்சம் வந்தது. அது அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

"எடுத்துக்கோ," என்றாள் டெல்மா தாழ்ந்த குரலில். "எல்லாத்தையும் நீயே எடுத்துக்கோ. ஏழு பேர் வந்தாங்க, ஒருத்தரும் எனக்காக வரலடி. நேரம் முடிஞ்சா பாதி வாக்கியத்துல எழுந்து போயிடுவாங்க. இந்த மாசம் பூரா உன் ஜன்னலையே பாத்துக்கிட்டு இருந்தேன். உன் பையன் ஒரு தடவையாவது வருவான், மூஞ்சியைப் பாத்துடலாம்னு."

நோரீன் குனிந்து, காலடியில் கிடந்த ரோலை எடுத்து டெல்மாவின் தட்டில் வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. அவன் வந்தா கதவைத் தட்டுவானா, இல்ல சாவி வெச்சிருக்கானா? என் கதவை எல்லாரும் தட்டத்தான் செய்வாங்க. ரஸ்ஸல்கூடத் தட்டுவான்."

மேடையில் ஃபெலிசிட்டி பரிசுத் தட்டை உயர்த்திப் பிடித்திருந்தார். லாக்லன் ஒலிவாங்கியோடு இறங்கி வந்து நோரீனின் முகத்துக்கு முன்னால் நீட்டினான்.

"டேரனால இன்னிக்கு வர முடியல போல," என்றார் ஃபெலிசிட்டி. "சுரங்கத்துல வேலை நேரம் மாறியிருக்கும். பரவால்ல. அவரு சார்பா அம்மா ரெண்டு வார்த்தை சொல்லட்டும். நோரீன், புதன்கிழமை உங்க பையன் கையைப் பிடிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறப்ப உங்களுக்கு எப்படி இருக்கும்?"

கூடம் முழுவதும் பதிலுக்காகக் காத்திருந்தது. மஞ்சள், வெளிர்நீலம், ரோஜா, வெண்கலம், அவற்றுக்குப் பின்னால் டெல்மாவின் ஏழும். எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

நோரீன் ஒலிவாங்கியைக் கையில் வாங்கினாள். மேடையைப் பார்க்கவில்லை. டெல்மா இருந்த பக்கம் திரும்பினாள்.

"சாவி எதுவும் இல்ல டெல்மா," என்றாள். "அவன் வர மாட்டான். புதன்கிழமையும் வர மாட்டான்."

"களைப்பு," என்று லாக்லன் முணுமுணுத்துப் பேனாவைத் திறந்தான். "நான் பயந்தேன், இப்படி ஆகும்னு."

"அவன் களைச்சுப் போகல கண்ணு," என்றாள் நோரீன். "டேரன் ஒரே ஒரு நாள்தான் உயிரோட இருந்தான்."